ஓர் எலும்பும் உடையவில்லை

நிரோஷா அனுப்பிய குரல்பதிவில் முதலில் கேட்டது மழை. அடுத்து யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம். அதற்குப் பிறகுதான் அவள் குரல்.

"அக்கா, சோறு ஆக்கியாச்சா, இல்ல ஜன்னல்ல மழைய வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கீங்களா? இங்க கேன்டீன்ல பெரிய சண்டை. நேத்து டிவில ஒரு எம்.பி. பேசுனாரு. எலும்பு உடையலன்னா, உசுரு போகலன்னா, அது கடுமையான விசாரணை மட்டுந்தானாம். சித்திரவதைன்னு சொல்லக் கூடாதாம். இங்க பாதிப் பேரு ஆமாங்கிறாங்க. கள்ளனுக்கு ரெண்டு போட்டா என்னன்னு கேக்குறாங்க. நீங்க அந்தப் பெரிய டொக்டருகிட்ட எத்தன காலம் நின்னீங்க! ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இவங்க வாய அடைக்கணும்."

நிரோஷா நான் வேலை செய்த எக்ஸ்ரே பிரிவில் இப்போது இருப்பவள். வாயடைக்க ஒரு வார்த்தை கேட்கிறாள். அது என்னிடம் இல்லை. பகலிலேயே இருட்டை வைத்துக்கொண்டு வேலை செய்தவள் நான். எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிய விட்டுத்தான் பார்க்கத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், கேன்டீனில் தேத்தண்ணி ஆறட்டும்.

படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் இரண்டு வரிக்கு மேல் தேறாது. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தேன். பக்கத்தில் இருந்தது சிங்களப் பாடசாலை, அதனால் இரண்டு மொழியும் நாக்கில் ஒன்றாகவே வளர்ந்தன. கொழும்பில் கொஞ்ச காலம் படம் கழுவப் பழகினேன். பிறகு எங்கள் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் இருட்டறைக்கு உதவியாளராக வந்தேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

இருட்டறை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தொட்டி, மூக்கைக் குத்தும் மருந்து வாசம். வெறும் தாளாக இருக்கும் படத்தை முதல் தொட்டியில் இறக்கி அசைக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, விடியற்காலைப் பனிக்குள்ளிருந்து ரப்பர் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருமே, அதுபோல எலும்புகள் வரும். விலா, முதுகுத் தண்டு, ஒரு குழந்தையின் பூ மாதிரியான கைவிரல்கள். நான் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய உள்ளேயிருக்கும் வெள்ளையைப் பார்த்துவிடுவேன். வெளியே வந்து முகத்தைப் பார்க்கும்போது, இவரை ஏற்கனவே கனவில் சந்தித்தது மாதிரி இருக்கும்.

எங்கள் வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி ஒருவர் இருந்தார். விபத்து, அடிதடி, பொலிஸ் காவலில் இருந்து வருகிறவர்கள், எல்லாரையும் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. சிங்களவர். எல்லாரும் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்றே கூப்பிட்டோம். தமிழில் அவருக்குத் தெரிந்தது, உட்காரச் சொல்லும் 'இருங்க' என்ற ஒரு சொல்தான். அதை எப்போதும் இரண்டு முறை சொல்வார். தோட்டத்து ஆள் யாராவது வந்துவிட்டால் இருட்டறைக் கதவைத் தட்டுவார். "நங்கி, படம் காயட்டும், நீ வா." நங்கி என்றால் தங்கச்சி. அப்படித்தான் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக ஆனேன். அதற்குத் தனியாக யாரும் நியமனம் தரவில்லை.

அவருடைய முறையை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சியில் வைப்பார். அவசரப்படுகிற ஆள் இல்லை என்று வந்தவருக்குத் தெரிய வேண்டுமாம். அடுத்து, கூட வந்த பொலிஸ்காரரைப் பார்த்துச் சிரித்து, "ராலஹாமி, கேன்டீன்ல இன்னைக்கு வடை நல்லா இருக்கு" என்பார். அவர் வெளியே போகும்வரை வாயே திறக்க மாட்டார். பிறகு கதவைச் சாத்துவார். கைதிக்கு நாற்காலி. எனக்கு நாற்காலி. அவர் மட்டும் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பார்.

அடித்தார்களா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. "காலையில எழும்பினதுல இருந்து சொல்லுங்க" என்பார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார். கடைசியில், "அந்த வேலையை எனக்குச் செய்து காட்டுங்க" என்பார். சட்டையைக் கழற்றச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாய் மறைப்பதை வேலை மறைக்காது என்பது அவர் கணக்கு.

அவர் பொலிசுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வந்தார். பொலிஸ் மிதித்துக் காலை ஒடித்துவிட்டதாக ஒரே கூச்சல். மாத்தயா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர் பிரேக் மிதித்தது அந்த ஒடிந்த காலால்! பந்து விளையாடி முறிந்த பழைய முறிவு, படத்தில் நன்றாகவே கூடியிருந்தது. அப்படியே எழுதினார். மறுநாள் பொலிசிலிருந்து ஒரு குலை செவ்விளநீர் வந்தது. மாத்தயா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"போன மாதம் உங்களுக்கு எதிராக எழுதினேனே, அப்போது ஒரு காய்கூட வரவில்லையே?"

கொண்டுவந்தவர் குலையோடு திரும்பி நடந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

இனி தர்மலிங்கம்.

மார்ச் மாதம். இலையெல்லாம் கொட்டி முடித்த ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர் விடுகிற காலம். காலையில் வெயில், பிற்பகலில் மழை. அந்த நாட்களில் மலைச்சரிவு முழுதும் எரியாமல் எரிவது மாதிரி இருக்கும். தோட்டத்துப் புகைக்கூடத்தில் காயவைத்திருந்த ரப்பர் சீட்டுகள் களவு போயிருந்தன. பால் வெட்டும் தர்மலிங்கத்தின் மேல் சந்தேகம். ஒரு சார்ஜன்ட் அவரைக் காலையில் கொண்டுவந்தார். அன்று பிற்பகலே நீதவான் முன் நிறுத்தி, இன்னும் விசாரிக்க வேண்டும், ஆளைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்பு, ஆள் சுகமாக இருக்கிறார் என்று வைத்திய அறிக்கை வேண்டும்.

எக்ஸ்ரேயும் எடுங்கள் என்று சார்ஜன்டே கேட்டுக்கொண்டார். நான் இருட்டறையில் இருந்தேன். படங்கள் வந்தன, தொட்டியில் இறக்கினேன். வலது கை, மணிக்கட்டு, தோள். எவ்வளவு அழகான கை! வாழ்நாளெல்லாம் கத்தி பிடித்த விரல்கள், ஒரு கீறல் இல்லை. வெளியே கொண்டுவந்து வெளிச்சப் பலகையில் போட்டதும் சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா தங்கச்சி? ஒரு எலும்பும் ஒடையல. சும்மா நம்ம மேல பழி போடுவாங்க." அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

தர்மலிங்கம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டி, தலையைச் சற்றுக் குனிந்து. பங்களா வாசலில், ஆபீஸ் வராந்தாவில், கங்காணி முன்னால் எங்கள் ஆட்கள் தலைமுறையாக நிற்கிற நிலை. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த எவருக்கும் அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

மாத்தயா கடிகாரத்தைக் கழற்றினார். வடையின் பெருமை சொல்லி சார்ஜன்டை அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"இருங்க, இருங்க."

"பரவால்லீங்க தொரை, நின்னுக்கிறேன்."

"அண்ணே, இவரு தொரை இல்ல, டொக்டரு. ஒக்காருங்க" என்றேன்.

"டொக்டரு தொரை நிக்கையில நான் எப்படி மிஸ்ஸு ஒக்கார்றது?"

மாத்தயா உட்கார்ந்துவிட்டார். அப்போதும் தர்மலிங்கம் உட்காரவில்லை. கட்டிய கையோடு அப்படியே நின்று, காலையில் எழும்பியதிலிருந்து சொன்னார். கத்தி தீட்டியது, மரத்துக்கு மரம் நடந்தது, பால் வாளி, பொலிஸ் ஜீப். ஜீப்போடு கதை நின்றுவிட்டது. அதற்கு மேல் "விசாரிச்சாங்க" என்ற ஒரு வார்த்தைதான்.

"சரி. பால் வெட்டிக் காட்டச் சொல்லு."

மொழிபெயர்த்தேன். தர்மலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். "மரம் இல்லாம எப்படிங்க வெட்டுறது?"

அதைச் சிங்களத்தில் சொன்னதும் மாத்தயா எழும்பினார். வெள்ளைக் கோட்டைச் சரிசெய்து, அறையின் நடுவில் விறைப்பாக நின்றார். "நான்தான் மரம் என்று சொல்." நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சி ஒன்றைக் கத்தியாக நீட்டினார்.

முதல் முறையாக தர்மலிங்கம் முகத்தில் ஏதோ இளகியது. "ரொம்ப மெலிஞ்ச மரமுங்க. பால் கட்டாது."

நான் சொல்ல, மரம் சிரித்தது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே செம்புத் துளிர்கள் ஆடிக்கொண்டிருந்தன. மாத்தயா குச்சியை நீட்டியபடியே இருந்தார்.

"வெட்டுங்கண்ணே" என்றேன்.

"கையப் பிரிக்க ஏலாது மிஸ்ஸு."

"ஏன்?"

"பிரிச்சா இது விழுந்துரும்."

இடது கை மெல்லத் தளர்ந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கை மற்றக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கை நழுவி, மணிக்கட்டிலிருந்து மடங்கி, மழையில் நனைந்த வாழையிலை மாதிரித் தொங்கியது. விரல்கள் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படிப் பலகையில் வைத்தார் என்று பிறகு விசாரித்தேன். சார்ஜன்ட்தான் உதவியாகத் தூக்கி வைத்தாராம்.

அதற்குப் பிறகு சொன்னார். யாரோ இன்னொருவருக்கு நடந்ததைச் சொல்கிற குரலில்.

"ரெண்டு கையயும் பின்னால கட்டி, கூரை வளையில கயித்தப் போட்டு இழுத்தாங்க. கால் பெருவெரலு மட்டும் தரையில படும். துணி சுத்தித்தான் கட்டுனாங்க, தோலு கிழியக் கூடாதுன்னு. நல்ல மனுசங்கதாங்க."

கடைசி வாக்கியம் என் வாயில் நின்றுவிட்டது.

"முடிவில் என்ன சொன்னார்?"

"நல்ல மனிதர்கள் என்று சொன்னார்."

"அதையும் எழுதுவேன்."

பரிசோதனை முழுவதும் மாத்தயா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் தாங்கியே வைத்திருந்தார். எங்கே ஊசி பட்டால் தெரிகிறது, எங்கே தெரியவில்லை, எந்த விரல் மடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது தோளுக்கடியில்தான் நரம்புகள் அதிகமாக இழுபட்டிருந்தன. நரம்பு எக்ஸ்ரேயில் விழாது. என் தொட்டிகளில் எவ்வளவு நேரம் அசைத்தாலும் அது எழுந்து வராது.

வடை வாசத்தோடு வந்த சார்ஜன்ட் வாசலிலேயே நின்றார். சிங்களத்தில் தணிவாகப் பேசினார். "மாத்தயா, கொஞ்சம் கடுமையாத்தான் விசாரிச்சோம். சித்திரவதைன்னு எழுதிடாதீங்க. எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

"அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை" என்றார் மாத்தயா. "கை தூக்க முடியவில்லை, கட்டித் தொங்கவிட்டால் இப்படி ஆகும், இது மட்டும்தான் என் வேலை. பெயர் வைப்பது வேறு ஆட்கள் வேலை."

வெளியே வராந்தாவில் தர்மலிங்கத்தின் மனைவி சரோஜா. நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு, சேலையும் நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பாய்ந்து எழும்பினார்.

"மிஸ்ஸு, திரும்ப அங்கயே கொண்டு போயிருவாங்களா? இன்னொரு தரம் கட்டுனா அந்தக் கை இருக்குமா, ஆளு இருக்குமா? அவரு கோர்ட்டுல வாயத் தொறக்க மாட்டாரு. ஊரு ஒலகத்துக்கே நல்ல மனுசன். என்கிட்ட மட்டுந்தான் வாயி."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணி, அழுகையாக முடிந்தது.

படங்களைத் தூக்கிக்கொண்டு நானும் மாத்தயாவோடு நீதிமன்றத்துக்குப் போனேன். அந்தப் பிற்பகல் எனக்கு இன்றும் தண்ணீருக்கடியில் நடந்தது மாதிரி இருக்கிறது. மழை இருட்டு, சுவரோரம் சொட்டும் குடைகள், மேலே மெதுவாகச் சுற்றும் காற்றாடி. பொலிஸ் பொறுப்பதிகாரி எழும்பி, என் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அந்த அழகான கை எல்லாருக்கும் மேலே தொங்கியது.

"ஓர் எலும்பும் உடையவில்லை, கனம் நீதவான் அவர்களே. கடுமையாக விசாரித்திருக்கலாம். அதையே சித்திரவதை என்றால் நாங்கள் எப்படிக் களவு பிடிப்பது? இன்னும் விசாரணை பாக்கி இருக்கிறது. எங்கள் பொறுப்பில் தர வேண்டும்."

அவர் பொய் சொல்லவில்லை. உடையாததைத்தான் உடையவில்லை என்றார். மாத்தயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவர் அறிக்கையில் இருந்ததைச் சொன்னார். நீதவான் தர்மலிங்கத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று.

கூண்டுக்குள் தர்மலிங்கம் கையைக் கட்டியிருந்தார். பொறுப்பதிகாரியை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

பின் வரிசையிலிருந்து சரோஜாவின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. "ஐயோ, சொல்லித் தொலையேன்யா!"

அவரை அமைதியாக இருக்கச் சொன்னார்கள். காற்றாடி சுற்றியது. ஒண்ணும் இல்லீங்க! துரை கேட்டாலும், டிஸ்பென்சர் கேட்டாலும், காய்ச்சலில் கிடந்தாலும் நாங்கள் சொல்கிற பதில். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் அந்தப் பொலிஸ் அறைக்குத் திரும்பிப் போகப் போகிறார்.

நீதவான் அறிக்கையை மறுபடி வாசித்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தை அவரிடம் கொடுங்கள். அவரே எனக்குக் கொண்டுவந்து தரட்டும். வலது கையால்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். தர்மலிங்கம் கட்டைப் பிரித்தார். இடது கையால் வலது கையை ஏந்தி நீட்டினார். பொறுப்பதிகாரி படத்தை விரல்களுக்கு நடுவில் வைத்தார். இடது கையை எடுங்கள் என்றார்கள். எடுத்தார்.

படம் நழுவியது. காற்றில் ஒருமுறை வளைந்து, தகரம் அதிர்வது மாதிரி ஒரு சத்தம் எழுப்பி, தரையில் விழுந்தது. தன் கையின் படத்தைத் தன் கையால் பிடிக்க முடியாமல் அவர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சுக்குங்க" என்றார். பொறுப்பதிகாரி எடுக்கக் குனிந்தார்.

"நீங்கள் எடுக்க வேண்டாம்" என்றார் நீதவான்.

தர்மலிங்கத்தைப் பொலிசிடம் கொடுக்கவில்லை. சிறைக் காவலோடு வைத்தியசாலையில் அனுமதிக்கச் சொல்லி உத்தரவானது. அந்த உத்தரவில் சித்திரவதை என்ற சொல் இல்லை. திரும்பும் வழியில் மாத்தயாவிடம் அதைக் கேட்டேன். எனக்கு அது குறையாகத்தான் பட்டது. அவர் வண்டி ஜன்னலில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சொல்லுக்காக இன்னும் பல வருடம் சண்டை போடுவார்கள், நங்கி. போடட்டும். இன்று ராத்திரி அவர் படுக்கையில் தூங்குவார்."

மாத்தயா இப்போது இல்லை. சண்டை கேன்டீன்வரை வந்திருக்கிறது.

களவு செய்தது தர்மலிங்கமா என்று நிரோஷா கட்டாயம் கேட்பாள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இதில் எழுத மாட்டேன், ஏனென்றால் அந்தக் கை விழுந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. கள்ளனுடைய நரம்பும் மற்றவர் நரம்பும் ஒரே மாதிரித்தான் இழுபடும். அது விசாரணையா, சித்திரவதையா என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது வேறோர் இடத்தில். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தர்மலிங்கம் வார்டில் இருந்த நாட்களில் ஒரு பகல் போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் அசைய ஆரம்பித்திருந்தது. அதை எனக்குக் காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை, முதல் அடி வைத்த பிள்ளையைக் காட்டுகிற பெருமை. சரோஜா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். "கை வராட்டியும் பரவால்ல, வாயி நல்லா வேல செய்யுது" என்றார். மூவரும் சிரித்தோம். வெளியே மழை மேகம் கட்டியிருந்தது, வார்டு முழுதும் மஞ்சள் வெளிச்சம். மாத்தயா ஒருபோதும் கேட்காத கேள்வியை அன்று நான் கேட்டேன்.

"அண்ணே, அங்க உங்ககிட்ட என்னதான் கேட்டாங்க?"

"மொதல்ல கேட்டாங்க மிஸ்ஸு. சீட்டு எங்க, கூட யாருன்னு. பொறவு சோத்துப் பார்சல் வந்துச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

"உங்கள எறக்கி விட்டுட்டா?"

"இல்லீங்க. நான் அப்படியேதான் இருந்தேன்."

சரோஜாவின் கை தட்டில் நின்றுவிட்டது. இது அவருக்கும் புதிது என்று தெரிந்தது.

"தாங்க முடியல மிஸ்ஸு. நாந்தான் எடுத்தேன், நாந்தான் எடுத்தேன்னு கத்துனேன். எல்லாத்தயும் ஒத்துக்கிறேன்னு கத்துனேன். அந்த ரூம்புல கேக்க ஒருத்தரும் இல்ல."

"திரும்பி வந்தப்ப? என்னமோ கத்துனியேன்னு கேட்டிருப்பாங்களே?"

தர்மலிங்கம் யோசித்தார். ஒரு சின்ன விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்கிற அக்கறையோடு யோசித்தார்.

"மழ இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. கொடியில காயப்போட்ட துணிய எடுத்தாச்சான்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க. என்கிட்ட ஒண்ணும் கேக்கல."